கூடைக்குப் போறேன்: கைவினைப் பக்கம், கேள்வி பதில்

சென்ற இதழில் சிங்கப்பூரின் தோ பாயோவில் நாங்கள் செவ்வாய்க்கிழமைதோறும் கூடி ஒயர்க் கூடை பின்னும் மேசையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதல் கேள்விக்குத்தான் அதிக இடம் எடுத்துக்கொண்டேன். அதை மூன்று நாள் மேசைமேல் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நாங்கள் மூன்று பேர், ஓய்வு பெற்ற ஆசிரியைகள். உட்லண்ட்சில் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் இருக்கும் ஓர் அறையை வாரம் இரண்டு நாள் பயன்படுத்திக்கொள்ள வசிப்போர் குழு சம்மதித்திருக்கிறது. கைவேலை செய்து மனமும் உடம்பும் நலமாக இருக்க ஒரு ஸ்டுடியோ நடத்த ஆசை. என் மகள் சின்னம் வரைந்து தந்திருக்கிறாள். வெளிர்நீலத் தாமரை, நடுவில் கண்மூடித் தியானம் செய்யும் பெண். பெயரில் 'வெல்னஸ்' கட்டாயம் வேண்டும் என்கிறாள். பெயர், சின்னம், அறை மூன்றையும் எப்படி அமைப்பது?
– உட்லண்ட்ஸ் வாசகி

சகோதரி, மகள் ஆசையாக வரைந்தது என்பதால் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். அந்தத் தாமரையை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். ஏன் என்று சொல்ல என் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

அப்பா இறந்த பிறகு எட்டு மாதம் அம்மா வீட்டை விட்டு இறங்கவில்லை. பலதுறை மருந்தகத்துக்குப் போகும் நாள் மட்டும் விதிவிலக்கு. அந்தச் சமயத்தில் மின்தூக்கி வாசலில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். மூத்தோருக்கான மனநலக் கைவினை நிகழ்ச்சி. அதிலும் நீலம், தாமரை, கண்மூடிய முகம். நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எனக்கென்ன புத்தியா பேதலிச்சுப் போச்சு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நடத்தியவர்கள் நல்ல மனதோடுதான் நடத்தியிருப்பார்கள். ஆனாலும் அம்மாவுக்கு அந்தத் தாள் ஒரு நோயாளிச் சீட்டு போலத் தெரிந்தது.

சில வாரம் கழித்து அதே பலகையில் யாரோ கையால் எழுதிய ஒரு தாள். "ஒயர்க் கூடை பின்னத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? எங்களுக்குச் சொல்லித் தர ஆள் வேண்டும். செவ்வாய் காலை 10 மணி, கீழ்த்தளம்." அவ்வளவுதான். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார். அடுத்த செவ்வாய் பவுடர் பூசி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். தஞ்சாவூரில் சின்ன வயதில் பின்னிய கை அது. நாற்பது வருடமாக யாரும் அதைக் கேட்டதில்லை.

அதனால் உங்கள் முதல் விளம்பரத்தை அந்தத் தாள் மாதிரி எழுதுங்கள். வருகிறவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். உதவி செய்ய வந்திருக்கிறோம் என்று சொல்லாதீர்கள், உதவி வேண்டும் என்று சொல்லுங்கள். உங்களுக்கும் உண்மையிலேயே வேண்டியிருக்கும். மூன்று பேரால் எத்தனை கைவேலை சொல்லித்தர முடியும்?

இனி பெயர். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு விளம்பரப் பலகைக் கடையில் 27 வருடம் வேலை பார்த்தவள் நான். நகைக்கடை, மளிகைக்கடை, முடிதிருத்தும் கடை என்று எத்தனையோ பெயர்களை என் கையால் வெட்டி ஒட்டியிருக்கிறேன். ஒரு பெயர் தேறுமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக்காரர் "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்கிறார். கூச்சப்படாமல், இழுக்காமல், அந்தப் பெயரையே பதிலாகச் சொல்ல வருகிறதா? எங்கள் ஆட்கள் "கூடைக்குப் போறேன்" என்கிறார்கள். பதிவேட்டில் எங்களுக்கு ஐந்து சொல்லில் நீளமான பெயர் ஒன்று உண்டு. அதை ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. ஆகவே முதல் இரண்டு மாதம் பெயர் வைக்காமலே நடத்துங்கள். என்ன கிழமை, எத்தனை மணி, என்ன வேலை, இது போதும். வருகிறவர்கள் அந்த இடத்தை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். பெயர் அவர்கள் வாயிலேயே கிடைத்துவிடும்.

'வெல்னஸ்' வேண்டும் என்று மகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நிதி கேட்டு விண்ணப்பிக்கும்போது அந்தச் சொல் உதவும். அங்கே எழுதுங்கள், கதவில் வேண்டாம். தமிழில் ஒரு வரி வேண்டும் என்றால் 'நலம்' என்று தனியாகப் போடலாம். "நலம், நலமறிய ஆவல்" என்று கடிதம் தொடங்கியவர்கள் நம் பெரியவர்கள். அவர்களுக்கு அந்தச் சொல்லில் மருந்து வாடை கிடையாது. முன்னால் 'மன' வந்து ஒட்டும்போதுதான் என் அம்மா போன்றவர்கள் பின்வாங்குகிறார்கள்.

சின்னத்தைக் கைவேலையிலிருந்தே எடுங்கள். ஒயர்க் கூடையில் சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று பல பின்னல் உண்டு. சாதாரண முடிச்சையே பாருங்கள். இரண்டு ஒயரை நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றை மாட்டி, நாலு முனையையும் மெல்ல இழுக்க வேண்டும். முதலில் தளர்ந்த வளையமாகக் கிடக்கும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் 'டக்'கென்று ஒரு சின்னச் சதுரமாகப் பூட்டிக்கொள்ளும். அது பூட்டுவது கட்டைவிரலுக்குத் தெரியும். அந்தச் சதுரத்தைப் பெரிதாக்கி இரண்டு நிறம் கொடுத்தோம், அதுதான் எங்கள் சின்னம். எங்களோடு உட்காரும், மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய் அம்மாவுக்கும் சீனப் பாட்டிக்கும் அதைப் படித்துக் காட்ட வேண்டியதில்லை, அவர்கள் கையே போட்ட முடிச்சு அது. உங்கள் மேசையில் என்ன வேலை நடக்கப்போகிறதோ, அதிலிருந்து ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள் மகளை. புள்ளிக் கோலமாக இருக்கலாம், பூ கட்டும் நாராக இருக்கலாம்.

நிறம் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயதாக ஆக விழிவில்லை மஞ்சளித்துப் போகும். வெளிர்நீலமும் வெளிர்பச்சையும் அவர்கள் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். வெள்ளையில் வெளிர்நீல எழுத்து போட்டால் பாதிப் பேருக்குப் பலகை காலியாகத் தெரியும். நம் சேலைக்கடைப் பெயர்களிலிருந்து எடுங்கள். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள். நாங்கள் சந்தன நிறத்தில் அரக்கு எழுத்து போட்டோம். தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து படிக்கலாம்.

அறைக்கு வருகிறேன். கதவில் கண்ணாடி இருந்தால் அதில் எதையும் ஒட்டாதீர்கள். புதிதாக வருகிறவர் வெளியே நின்று ஐந்து நிமிடமாவது பார்ப்பார். சிலர் இரண்டு வாரம் பார்ப்பார்கள். உள்ளே யார், என்ன செய்கிறார்கள், எங்கே உட்கார்வது என்பதெல்லாம் அங்கிருந்தே தெரிய வேண்டும். கதவுக்குப் பக்கத்து நாற்காலியை எப்போதும் காலியாக விடுங்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போக அதுதான் வசதி. அப்படிப் போக முடியும் என்று தெரிந்தால்தான் ஆள் உட்கார்வார்.

நாற்காலிக்குக் கைப்பிடி வேண்டும், மூட்டுவலி உள்ளவர்கள் அதை ஊன்றித்தான் எழுவார்கள். அறைக்கு எடுப்பாக இருக்கும் என்று உயரமான முக்காலி வாங்கிவிடாதீர்கள். சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் தேவை. மேசையின் ஒரு பக்கத்தில் குறுக்குக்கட்டை இல்லாமல் இருந்தால் முழங்கால் உள்ளே போகும். மேசைமேல் வெள்ளைத் துணி ஒன்று, கறுப்புத் துணி ஒன்று வையுங்கள். கருநீல ஒயரை வெள்ளைத் துணியிலும் வெள்ளை ஒயரைக் கறுப்புத் துணியிலும் பின்னினால் முடிச்சு பளிச்சென்று தெரியும். விளக்குக்குச் செலவழிக்க வேண்டியதில் பாதி இதிலேயே மிச்சம். கீழ்த்தளத்தில் மத்தியானம் மழைச்சாரல் அடிக்கும், மின்விசிறி தாளைப் பறக்கவிடும். ஆளுக்கொரு கூழாங்கல் கொடுங்கள்.

பதிவுப் படிவத்தை முதலில் நீட்டாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். எங்கள் மேசையில் பாதி பின்னிய கூடை ஒன்று எப்போதும் இருக்கும். புதியவர் உட்கார்ந்ததும் அது அவர் கைக்குப் போகும். ஒரு வரிசை பின்னட்டும், தேநீர் வரட்டும், அப்புறம் பெயர் எழுதலாம்.

எங்கள் களிமண் வகுப்புச் சுவரொட்டியில் 'கலைச் சிகிச்சை' என்று போடலாமா? கைவேலை மன அழுத்தத்தைக் குறைக்கிறது என்று ஆய்வுகளே சொல்கின்றனவே.
– புக்கிட் பாத்தோக் வாசகர்

போடாதீர்கள். கலைச் சிகிச்சை தனிப் படிப்பு, தனித் தொழில். இங்கே லாசால் கலைக் கல்லூரியில் 2006 முதல் அதற்கு முதுநிலைப் பட்டப்படிப்பே இருக்கிறது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் உங்களோடு இல்லாதபோது அந்தச் சொல்லைப் போட்டால், உண்மையில் சிகிச்சை தேவைப்படுகிற ஒருவர் அதை நம்பி உங்களிடம் வருவார். மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளியும் போடுவார். அந்தப் பாரத்தை நம்மால் சுமக்க முடியாது.

ஆய்வுகள் சொல்வது உண்மைதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019-ல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைகளுக்கும் நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 2016-ல் வெளிவந்தது. 39 பேரைக் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுத்தாள் இவற்றை வைத்து 45 நிமிடம் விரும்பியதைச் செய்யவிட்டார்கள். ஏறக்குறைய 75 விழுக்காட்டினருக்கு உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற அழுத்தச் சுரப்பு குறைந்திருந்தது. எனக்குப் பிடித்த செய்தி அதற்கடுத்தது. முன்அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்று அதில் வேறுபாடு தெரியவில்லையாம். இதைச் சுவரொட்டியில் எண்ணாகப் போட வேண்டாம். 39 பேரிடம் பார்த்ததை வைத்து உங்கள் அறைக்கு வருகிறவருக்கு வாக்குக் கொடுக்க முடியாது. "இதுவரை களிமண்ணைத் தொட்டதே இல்லையா? வாருங்கள்" என்று எழுதுங்கள், அது போதும்.

இன்னொன்று. மேசையில் யாராவது அழுதுவிடுவார்கள், கட்டாயம் நடக்கும். எங்கள் மேசையில் ஓர் அம்மா சிவப்பு ஒயரைக் கையில் எடுத்ததும் அழுதார், மகளின் கல்யாணச் சேலை நிறமாம். யாரும் அறிவுரை சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவருடைய கூடையை வாங்கி அந்த வரிசையை முடித்துக் கொடுத்தார். அதற்கு மேலும் உதவி தேவைப்படுகிறவர்களுக்காகத் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வைத்திருக்கிறோம். தேசிய மனநல உதவி எண் 1771, தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் எண் 1767, இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. அட்டையைச் சுவரில் மாட்டாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளும்படி வையுங்கள். எல்லார் முன்னாலும் நின்று எண்ணை எழுதிக்கொள்ள யாரும் விரும்பமாட்டார்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு படிக்கிறேன். அத்தையின் தையல் குழுவுக்கு நான்கு மொழியிலும் பெயர்ப்பலகை செய்கிறேன். ஆங்கிலம் அழகாக வருகிறது, தமிழ் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. என்ன செய்வது அக்கா?
– தெம்பனிஸ் வாசகர்

தம்பி, நீங்கள் ஆங்கில எழுத்துருவை முதலில் முடிவு செய்திருப்பீர்கள், அதே உயரத்துக்குள் தமிழை அமுக்கியிருப்பீர்கள். கடையில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். வரிசையை மாற்றுங்கள். இடம் அதிகம் கேட்கிற மொழியை முதலில் வையுங்கள். தமிழ் எழுத்து அகலம், மேலே சுழியும் கீழே காலும் உண்டு. வரிக்கு வரி தாராளமாக இடைவெளி விடுங்கள். முக்தா மலர், ஹிந்த் மதுரை இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. தடிமன் பல அளவில் உண்டு, சின்ன எழுத்திலும் தெளிவாக இருக்கும்.

மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். புள்ளி தனியாக வட்டமாகத் தெரியும். கணினியில் சரியாக இருந்தது, அச்சில் உடைந்துவிட்டது என்று எத்தனை பலகை திரும்பி வந்திருக்கிறது தெரியுமா! எழுத்தை வடிவமாக மாற்றிவிட்டுத்தான் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் தமிழ் படிக்கத் தெரிந்த இரண்டு பேர் உரக்கப் படிக்க வேண்டும். கண் பிழையைத் தாண்டிப் போனாலும் நாக்கு அதில் தடுக்கும்.

என் விருப்பம் ஒன்றையும் சொல்கிறேன். பெரிய தலைப்புக்கு எழுத்துருவே வேண்டாம். குழுவிலேயே வயதான ஒருவரைத் தடித்த பேனாவால் எழுதச் சொல்லுங்கள். 1978-ல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் படித்தவர்களுக்கு னை, லை போன்ற எழுத்துகளை யானைத் துதிக்கை வைத்துப் போடும் பழக்கம் இருக்கும். என் அம்மா 'கைவினை' என்று எழுதினால் கடைசி எழுத்தில் அந்தத் துதிக்கை வளைந்து நிற்கும். எங்கள் பலகையில் இருப்பது அந்தக் கையெழுத்துதான். அம்மா அதைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு தடவை நின்று பார்ப்பார்.

எங்கள் பின்னல் குழுவின் பெயரை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. பதிவு செய்ய வேண்டுமா?
– செங்காங் வாசகி

வசிப்போர் குழுவுக்குக் கீழே, லாபம் பார்க்காமல் நடத்தும்வரை அவசரம் இல்லை. தனியாகச் சங்கமாக நடத்தப்போகிறீர்கள், பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருக்கிறீர்கள் என்றால் சங்கங்கள் சட்டப்படி பதிவு தேவை. காசு வாங்கித் தொழிலாக நடத்தினால் அக்ரா என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிய வேண்டும். ஆனால் அக்ராவில் பெயர் பதிந்துவிட்டால் சின்னமும் நமக்கே சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, வணிகச் சின்னம் வேறு. வணிகச் சின்னத்தை அறிவுசார் சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிந்தால் 10 ஆண்டு, பிறகு புதுப்பிக்கலாம். வணிகச் சின்னப் பதிவு வகைகளில் வகுப்பு நடத்துவது 41-ஆம் பிரிவில் வரும். பலகைக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் இரண்டு இடத்திலும் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

வீட்டிலேயே நடத்தும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் செய்யும் சிறுதொழிலுக்கு வாசலில் பெயர்ப்பலகை மாட்ட அனுமதி இல்லை, வெளியாளைச் சம்பளத்துக்கு வைக்கவும் கூடாது.

கைவினை வகுப்புக்குப் பெண்கள் மட்டும்தான் வருகிறார்கள். என் கணவர் ஓய்வு பெற்று வீட்டிலேயே இருக்கிறார். எப்படிக் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறார்.
– ஜூரோங் வாசகி

உங்கள் சுவரொட்டியில் என்ன படம் இருக்கிறது என்று பாருங்கள். பூ, பட்டாம்பூச்சி, சிரிக்கும் நான்கு பெண்கள் என்றால் அவர் வராததில் ஆச்சரியம் இல்லை. நாங்கள் முகத்தை எடுத்துவிட்டுக் கைகளை மட்டும் படம் பிடித்துப் போட்டோம். யாருடைய முகமும் இல்லாததால் அனுமதி கேட்கும் வேலையும் குறைந்தது. ஆனாலும் கைக்கு உரியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டோம்.

அப்புறம், அவரைக் கற்றுக்கொள்ளக் கூப்பிடாதீர்கள். எங்கள் புளோக்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஓர் அண்ணன் இருக்கிறார். மனைவியைக் கூட்டிப்போக வருவார், வெளித்தூணில் சாய்ந்து நிற்பார், உள்ளே வரமாட்டார். ஒரு நாள் மேசைக்கால் ஆடியது. "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றேன். வீட்டுக்குப் போய்த் திருப்புளியோடு வந்தார். சரி செய்தபின் மேசையில் கிடந்த கூடைக் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது பாரம் தாங்காது" என்றார். உண்மைதான், எங்கள் கைப்பிடிகள் அரிசிப்பைக்குத் தாங்குவதில்லை. கயிறு முடிச்சில் முப்பது வருடம் கழித்த கை அது.

இப்போது கைப்பிடி எல்லாம் அவர் பொறுப்பு. சென்ற செவ்வாய் ஒன்றை நாலு தடவை பிரித்தார். ஐந்தாவது தடவை பின்னி முடித்து, ஐந்து கிலோ அரிசிப்பையைக் கூடைக்குள் வைத்து, ஒற்றை விரலில் தூக்கி அறையைச் சுற்றி நடந்து காட்டினார். வரும் வாரம் பழைய பட்டறை நண்பர் ஒருவரையும் கூட்டி வருகிறாராம். கைப்பிடி வைத்த நாற்காலி இன்னொன்று கேட்டிருக்கிறேன்.